மயில்துத்தமும் மலைக்குளிரும்

கொடைக்கானல் நேயர்களுக்கு வணக்கம்.

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு முதல் நாள் ராத்திரியே அதைத் துணியில் முடிந்து, பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடுவீர்கள். கரைந்த நீலம் கனத்துக் கீழே இறங்க, முடிச்சைச் சுற்றிப் புதுத் தண்ணீர் வந்து சேரும். சும்மா அடியில் கொட்டினால் விடிந்த பிறகும் கட்டியாகவே கிடக்கும்.

கல்லூரி முதலாண்டு ஆய்வகத்தில் நாங்கள் கேட்பது, எவ்வளவுதான் கரையும் என்று. அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கும்வரை துத்தத்தைப் போட்டுக் கலக்கி, தெளிந்ததை வடிகட்டி, 5 மில்லியை 100 மில்லியாக்குவோம். நீர்க்காவிட்டால் அடர்த்தியில் ஒளி ஊடுருவாது. அப்புறம் நிறமாலைமானி, அதாவது கரைசல் எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கும் கருவி. 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத் தாமிரக் கரைசல் நன்றாக விழுங்கும். தாமிரம் கூடக்கூட விழுங்குவதும் கூடும். அளவு தெரிந்த நாலைந்து கரைசல்களை வைத்து ஒரு நேர்கோடு போட்டுக்கொண்டால், தெரியாததன் அளவு அதில் கிடைத்துவிடும்.

சரி, வம்பு எங்கே வருகிறது? 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 32 கிராம் என்கிறது அட்டவணை. இங்கே மார்கழிக் காலையில் ஆய்வகமே 10 டிகிரி! குளிரில் குறைவாகத்தான் கரையும், பிள்ளைகளுக்கு 27 கிராம்தான் வருகிறது. உடனே முகம் வாடிப்போய், பென்சிலால் அழித்துவிட்டு 32 என்று எழுதுகிறார்கள். எனக்கு இதுதான் ஆகாது. அந்த 27 சரியான விடை, அம்மா! பக்கத்தில் 10 டிகிரி என்று எழுது, போதும். மறுபடியும் சொல்கிறேன், வெப்பநிலை எழுதாத கரைதிறனுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. 27-க்கு மேலே வந்தால்தான் எனக்குச் சந்தேகம். ஜன்னல் வழியே மேகம் நுழைகிற ஊர் இது. கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சின்னக் குப்பியான குவெட் குளிர்ந்து, அதன் மேல் பனி படிந்தால் கருவி அதையும் தாமிரக் கணக்கில் சேர்த்துவிடும். சொரசொரப்பான பக்கத்தைப் பிடித்து, வழவழப்பான பக்கத்தைத் துடைத்துவிட்டு வை என்று தொண்டை வற்றக் கத்துவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். நம்மூர் சூரிய ஆய்வகத்தில் 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர், நிறமாலையை வைத்தே சூரியப்புள்ளியில் வாயு ஓடுவதைக் கண்டதைச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. சமையல் உப்பையும் இப்படி அளக்கலாமா என்று கேட்பீர்கள். அதற்கு நிறம் கிடையாது, இந்த முறை உதவாது. வணக்கம்.