தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பிள்ளை

(காட்சி: சேலம் அம்மாபேட்டை. மாலை. வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம்.)

வணக்கம். தங்கள் உடம்பைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி இன்று பேசப்போகிறோம். கேட்கச் சங்கடமான விஷயம்தான். ஆனால் இது பெரும்பாலும் 12, 13, 14 வயதில் தொடங்குகிறது. அந்த வயதுப் பிள்ளைகள் நம் தெருவிலேயே எத்தனை பேர்!

'சும்மா சீன் போடுறா' என்று பலரும் சொல்கிறார்கள். சீன் போட நினைக்கும் பிள்ளை சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டைக்குள் காயத்தை ஏன் மறைக்கிறது? காயப்படுத்திக்கொள்ளும்போது, தாங்க முடியாத மன வேதனை அந்த நேரத்துக்குக் கொஞ்சம் அடங்குகிறது. அப்புறம் வெட்கம், குற்ற உணர்ச்சி. அதுவே மறுபடியும் வேதனையாகிறது. பல பிள்ளைகளுக்குச் சாகும் எண்ணம் இருப்பதில்லை. ஆனால் இப்படிச் செய்யும் பிள்ளைகளிடம் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்து கூடுதல். அதனால் தள்ளிப்போடக் கூடாது.

(காட்சி: ஒரே அறை. ஒரு பக்கம் விசைத்தறி, மறு பக்கம் பாயில் புத்தகங்கள்.)

இங்கே வீடும் தறிக்கூடமும் பல குடும்பங்களுக்கு ஒன்றுதான். முன்பணம் வாங்கிய கடன், கூலி குறைந்த வாரம், குடித்துவிட்டு வரும் அப்பா, ராத்திரிச் சண்டை... எல்லாம் பிள்ளையின் கண்ணெதிரே நடக்கும். அழ ஒரு மூலைகூட இல்லை. அழுதாலும் தறிச் சத்தத்தில் கேட்காது. ஏற்காட்டு விடுதிகளில் படிக்கும் பிள்ளைக்கு வசதி இருக்கலாம். ஆனால் போனில் வீடு கேட்பதெல்லாம் மார்க்கைத்தான்.

வறுமைதான் காரணம் என்றோ, பெற்றோர்தான் குற்றவாளி என்றோ நான் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் இளவயதில் தன்னையே காயப்படுத்திக்கொண்டவர். 2011இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். எதையும் ஆழமாக உணரும் பிள்ளை, அந்த உணர்வை ஏற்காத சூழலில் வளரும்போது சிக்கல் முற்றுகிறது என்பது அவர் விளக்கம். 'இதுக்கெல்லாமா அழுவாங்க?' என்று நாம் சாதாரணமாகக் கேட்கிறோமே, அதுதான் அந்தச் சூழல். அடிக்காத, குடிக்காத வீட்டிலும் அது உண்டு.

சரி, காயத்தைப் பார்த்துவிட்டீர்கள். அம்மாவுக்குக் கை நடுங்கும், அப்பாவுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் பயம்தான், புரிகிறது. ஆனாலும் அடிக்காதீர்கள். 'என் தலைமேல சத்தியம் பண்ணு' என்று கேட்காதீர்கள். சத்தியம் வாங்கினால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பார்கள். முதலில் காயத்துக்கு மருந்து போடுங்கள். 'ரொம்ப வலிக்குதா கண்ணு?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பக்கத்திலேயே உட்காருங்கள்.

காயம் பெரிதென்றாலோ, 'செத்துப்போறேன்' என்ற பேச்சு வந்தாலோ காத்திருக்க வேண்டாம். தனியாக விடவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

(காட்சி: திரையில் 14416.)

இது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை பேச மறுத்தால் முதலில் நீங்களே 14416க்கு அழைத்து, வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள்.