பிரான்சு அரசரின் தலைமுடி

அவையோருக்கு வணக்கம்.

“பிரான்சின் இன்றைய அரசர் வழுக்கைத் தலையர்.” 1905இல் ஆங்கில மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ‘மைண்ட்’ என்ற மெய்யியல் இதழில் எழுதிய கட்டுரையில் வரும் வாக்கியம் இது. பிரான்சு அப்போதே குடியரசு; அரசர் கிடையாது. வழுக்கை விழுந்தவர்களை ஒரு பட்டியலிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் எழுதினால், அவர் இரண்டிலும் இருக்கமாட்டார். ஆனால் ஒரு கூற்றோ அதன் மறுப்போ உண்மையாக வேண்டும் என்கிறதே தருக்கம்?

ரஸ்ஸல் வாக்கியத்தை மூன்றாகப் பிரித்தார். பிரான்சுக்கு அரசர் ஒருவராவது இருக்கிறார்; ஒருவருக்கு மேல் இல்லை; அரசராக இருப்பவர் எவரோ அவர் வழுக்கைத் தலையர். முதல் கூற்றே பொய், எனவே முழுதும் பொய். பிரித்த பிறகு ‘பிரான்சின் அரசர்’ என்ற எழுவாய் எங்கே? காணோம். அதைப் பெயர்போல எண்ணியதால்தான் அதற்குரிய ஆளைத் தேடினோம்.

மறுப்பை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ரஸ்ஸலின் ஆய்வு ‘the’ என்ற ஆங்கிலச் சுட்டிடைச்சொல்லைப் பற்றியது. தமிழில் அப்படியொரு சொல் இல்லை. ஆனாலும் இந்த வேறுபாட்டைத் தமிழ் அழகாகக் காட்டுகிறது. ‘அரசர் வழுக்கைத் தலையர் அல்லர்’ என்றால், அரசர் இருக்கிறார், தலையில் முடியும் இருக்கிறது என்றாகும், அது பொய். ‘அரசர் வழுக்கைத் தலையர் என்பது உண்மையன்று’ என்றால் மூன்றையும் சேர்த்து மறுக்கிறோம், அது உண்மை. தருக்க விதிக்குச் சேதமில்லை.

1950இல் ஸ்ட்ராசன் என்ற மெய்யியலாளர் அதே இதழில் எதிர்த்தார். அரசரே இல்லாதபோது உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழாது என்றார். அவருடைய மேசை உதாரணம் இன்னும் கூர்மையானது என்பது என் கருத்து. ‘மேசை நிறையப் புத்தகங்கள்’ என்கிறோம். ரஸ்ஸலின் ‘ஒன்றுக்கு மேல் இல்லை’ என்ற கூற்றின்படி மேசை ஒன்றே இருக்கவேண்டும்; உலகில் மேசை ஒன்றுதானா? ‘எல்லாரும் சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பவர் உலகத்தார் அனைவரையும் கேட்பதில்லை, இடம்பொருள் எல்லை வகுக்கிறது என்பது ரஸ்ஸல் பக்கத்தாரின் விடை. எனக்கு அது போதுமானதாகப் படுகிறது.

ரஸ்ஸலின் கொள்கைக்கு ஆழமான அடி 1970 ஜனவரியில், பிரின்ஸ்டனில் அமெரிக்க மெய்யியலாளர் சால் கிரிப்கி ஆற்றிய மூன்று சொற்பொழிவுகளில் விழுந்தது. அன்றாடப் பெயர்களும், ‘பிரான்சின் அரசர்’ என்பதைப் போன்ற, மறைந்திருக்கும் வருணனைகளே என்று ரஸ்ஸல் கருதியிருந்தார். தருக்கவியலாளர் கோடெலை எடுத்துக்கொள்ளுங்கள். கோடெல் என்றால் ‘முழுமையின்மைத் தேற்றம் என்ற கணித முடிவை நிறுவியவர்’ என்றே வைத்துக்கொள்வோம். அதை உண்மையில் நிறுவியவர் ஷ்மிட் என்ற வேறொருவர் என்று கற்பனை செய்யுங்கள் என்றார் கிரிப்கி. அப்படியானால் இத்தனை நாளும் ‘கோடெல்’ என்று சொல்லி நாம் ஷ்மிட்டையா குறித்தோம்? இல்லை. கோடெலைத்தான் குறித்தோம், அவரைப் பற்றித் தவறாக நம்பியிருந்தோம்.