முகம் பார்த்துப் பழகிய தொழில்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருக்கும் திருகோணமலை மக்களே, வணக்கம். தொழில் உறவு வளர்வது நேரில் சந்தித்தா, போன் வழியாகவா என்பது இன்றைய வழக்கு. நேரில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் பிசிராந்தையாரைச் சாட்சிக்கு அழைத்தார். பாண்டி நாட்டுப் புலவரும் கோப்பெருஞ்சோழனும் முகம் பார்க்காமலே உயிர் நண்பர்கள் ஆனார்களே, சந்திப்பு எதற்கு என்று கேட்டார். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார் ஐயா! சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் வடக்கு நோக்கி இருந்து உயிர்விடத் துணிந்தபோது, "அவன் வருவான், இடம் வையுங்கள்" என்றான். புலவரும் வந்து சேர்ந்தார். வராமல் ஓலை மட்டும் அனுப்பியிருந்தால் அந்த நட்பை இன்று யார் பேசுவார்கள்?

துறைமுக ஊரில் நின்று ஒரு துறைமுகக் கதை சொல்கிறேன். 1680களில் லண்டனில் எட்வர்ட் லொயிட் என்பவர் ஒரு கோப்பிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் வணிகர்களும் அங்கே கூடினார்கள். எந்தக் கப்பல் வந்து சேர்ந்தது, எந்தக் கப்டனை நம்பலாம் என்று பேச்சு நடக்கும். கப்பல் மூழ்கினால் இவ்வளவுக்கு நான் பொறுப்பு என்று பத்திரத்தின் அடியில் ஆளுக்கு ஆள் கையெழுத்துப் போட்டார்கள். கப்பல் காப்புறுதிக்கு உலகமெல்லாம் பேர்போன லொயிட்ஸ் அந்தக் கடையில்தான் பிறந்தது.

நமக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைக்கு, அதாவது அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நின்றோமே, அந்தத் துறையடிதான். நெல்லு வியாபாரியும் மீன் முதலாளியும் அங்கே நின்றபடியே விலை பேசி முடிப்பார்கள். பாதை திரும்பி வர வேண்டாம், பாலம் பெரிய நன்மை. ஆனால் அந்தக் காத்திருப்பு போனபின் நாமாகத்தான் தேடிப் போய்க் கூட வேண்டியிருக்கிறது.

கூட்டத்துக்குப் போய் ஐம்பது கார்ட் வாங்கி லாச்சியில் போடுவதால் என்ன பயன் என்றும் கேட்டார்கள். அப்படிப் போனால் வீண்தான். நான் இரண்டு பேரோடு மட்டும் ஆறுதலாகப் பேசுவேன். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு என்ன தேவை என்று கார்டின் பின்பக்கத்தில் எழுதுவேன். மறுநாள் ஒரு வட்ஸ்அப். அந்த வேலைக்குப் போன் நல்லதுதான்.

உப்புவெளியில் எனக்கு ஏழு அறையுள்ள சின்ன விடுதி ஒன்று இருக்கிறது. தயிருக்கு ஆள் தேடியபோது படம் படமாக அனுப்பினார்கள், எல்லாம் வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது. அப்புறம் ஒரு வியாபாரிகள் கூட்டத்தில் கிண்ணியாக்காரர் ஒருவர் சட்டியை என் கண் முன்னால் அப்படியே கவிழ்த்துப் பிடித்தார். தயிர் அசையவில்லை. அவரும் பேசவில்லை. அன்றிலிருந்து என் விடுதிக்கு அவர் தயிர்தான்.

2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். வட்ஸ்அப் குழுவில் கேட்டேன். நூற்றுக்கு மேல் ஆட்கள் பார்த்தார்கள், ஒரு பதில் இல்லை. அறையில் ஆறு விருந்தினர், விடிந்தால் காலைச் சாப்பாடு. அதே கடற்கரையில் எனக்குப் போட்டியாக விடுதி நடத்தும் ஒரு அண்ணன் வாசலில் போய் நின்றேன். முன்பொரு கூட்டத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்து, இடியப்பத்துக்கு எந்த மா நல்லது என்று அரை மணி நேரம் கதைத்ததுதான் எங்கள் பழக்கம். அவரிடம் இருந்ததே இரண்டு சிலிண்டர்.

"தங்கச்சி, ஒன்றைக் கொண்டு போங்கோ. உங்கட ஆட்கள் பசியோட இருக்கக் கூடாது" என்று தானே தூக்கி என் ஓட்டோவில் வைத்தார்.