புள்ளியைக் காப்பாற்றும் கை

நடுவர் அவர்களே, வணக்கம். "கட்டிங் மெஷின் வந்த பிறகு கைவினை வளர்கிறதா, தேய்கிறதா?" என்பது தலைப்பு. கொடுத்த வடிவத்தைச் சின்னக் கத்தியால் தாளிலும் ஸ்டிக்கரிலும் வெட்டித் தருகிற மெஷினைத்தான் சொல்கிறோம். தேய்கிறது என்று பேசிய எதிரணித் தலைவர், "பட்டனை அழுத்தினால் மெஷின் வெட்டித் தள்ளுகிறது, கைக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒரே போடாகப் போட்டார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், பேச்சு நன்றாக இருந்தது. ஆனால் ஐயா, அந்த மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கிறீர்களா?

வாசல் கதவுக்கு 'நல்வரவு' என்று ஒரு வினைல் ஸ்டிக்கர், அதாவது அடித்தாளில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர், வெட்டுகிறோம் என்று வையுங்கள். கத்தி மேலே உள்ள வினைலை மட்டும் வெட்ட வேண்டும். அடித்தாளை வெட்டக் கூடாது. அழுத்தம் கூடினால் தாளோடு துண்டாகிவிடும், குறைந்தால் எழுத்து பிரியாது. அதனால் முதலில் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரத்தை வெட்டிப் பார்ப்போம். எல்லாம் சரியாக வெட்டி முடித்ததும் மெஷின் ஓய்ந்துவிடும். எங்கள் வேலை அப்புறம்தான் ஆரம்பம்! எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலைக் கொக்கி ஊசியால் உரித்தெடுக்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் 'வீடிங்' என்று பெயர். நம் வயலில் நடக்கிற களையெடுப்பேதான்! களையோடு பயிரும் வந்துவிடுமோ என்ற அதே பயம். அதிலும் தமிழில் மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளி. குப்பையோடு 'ல்' மேலிருந்த புள்ளியும் போய்விட்டால், வருகிற விருந்தாளிக்கு 'நலவரவு'தான்!

டீ-ஷர்ட்டுக்கு வந்தால் இன்னொரு வம்பு. சூடு வைத்து ஒட்டும் வினைலில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். நான் முதல் தடவை மறந்துவிட்டேன். என் தம்பி மகன் தன் பெயரைக் கண்ணாடி முன்னால் நின்றுதான் படித்தான். மெஷின் என்னை எச்சரித்ததா? சொன்னதை அப்படியே செய்தது, அவ்வளவுதான்.

கெட்டி அட்டையில் கொலுவுக்குக் கோபுரம் வெட்டினாலும் இதே கதைதான். வெட்டும்போது அட்டை நகராமல் பிடித்துக்கொள்ளும் ஒட்டும் பாயிலிருந்து அட்டையைப் பிய்த்து எடுத்தால் சுருண்டுகொள்ளும். பாயைக் கவிழ்த்துப்போட்டு, பாயை வளைத்து உரிக்க வேண்டும். அட்டை தட்டையாக நிற்கும். இந்தப் பக்குவம் எந்த பட்டனில் இருக்கிறது?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் பிறந்த 'கிரிகட்' (Cricut) என்ற கட்டிங் மெஷின்கள் ஆரம்பத்தில் கார்ட்ரிட்ஜ் என்ற சின்னப் பெட்டியில் அடைத்துக் கொடுத்த படங்களைத்தான் வெட்டின. அன்றைக்கு எதிரணி இதைப் பேசியிருந்தால் நானே பாதி சம்மதித்திருப்பேன். இன்று நம் வீட்டுக் கோலத்தையே கம்ப்யூட்டரில் வரைந்து வெட்டலாம். அடுத்தவர் படத்தை இறக்கி வெட்டி, 'என் கைவண்ணம்' என்று விற்பவரும் உண்டு. அவருக்காக நான் வாதாட வரவில்லை.

நடுவர் அவர்களே, கையோடு 'நல்வரவு' வெட்டிக் கொண்டுவந்திருக்கிறேன், களை இன்னும் எடுக்கவில்லை. கொக்கியை எதிரணித் தலைவரிடம் கொடுங்கள். புள்ளி தப்புகிறதா பார்ப்போம்.