குட்டி வந்தாச்சு! முயல் பிடிக்க நாய் எடுக்கிறப்போ நான் எதைப் பாத்தேன்?

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன். ஏன்னா கால்மாட்டுல ஒருத்தி தூங்கிட்டு இருக்கா. இருங்க, கேமராவைத் திருப்புறேன்… பாத்தீங்களா? ஒன்பது வார நாய்க்குட்டி. பொட்டை. நிறத்தைப் பாருங்க, நம்ம கோவில்பட்டிப் பக்கம் மயிலைன்னு சொல்வோமே, அதே சாம்பல் நீலம். நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தாச்சு. ராத்திரி முழுக்க அழுதா, நானும் தூங்கல, ஆனா எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ரெண்டு வருஷமா எல்லாரும் கேக்குறீங்க. "அண்ணே, ஃபெரெட் வச்சிருக்கீங்க, வலை வச்சிருக்கீங்க, நாய் எப்போ?"ன்னு. புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி: நான் இங்கிலாந்துல முயல் பிடிக்கிறவன். வளை வாசல்ல எல்லாம் வலை விரிச்சு, ஃபெரெட்டை, அதான் கீரி மாதிரி இருக்கிற பழக்குன சின்ன விலங்கை, உள்ள விட்டா, முயல் பயந்து வெளிய ஓடி வந்து வலையில விழும். பாதிப் பேர் சிப்பிப்பாறை எடுங்கன்னீங்க, பாதிப் பேர் கிரேஹவுண்ட் எடுங்கன்னீங்க. எனக்கு சிப்பிப்பாறை உசுரு. எங்க தாத்தா வீட்டுத் திண்ணையில கன்னி நாய் ரெண்டு எப்பவும் படுத்திருக்கும். ஆனா இந்த வேலைக்கு அது வேண்டாம். கிரேஹவுண்டும் வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

நம்ம ஊர்ல முயல்னா அது வளை தோண்டாது. புல்லு மறைவுல, வேலியோரம் படுத்திருக்கும், கிளப்பிவிட்டா காடு கடந்து ஓடும். அதுக்குத்தான் ஓட்டக்கார நாய். அங்க 1972 வனவிலங்குச் சட்டப்படி அந்த வேட்டையே குத்தம், அது வேற விஷயம். இங்க இங்கிலாந்துல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு ஹேர், நம்ம ஊர் முயலோட பங்காளி, வளை தோண்டாது. இன்னொண்ணு ராபிட், மண்ணுக்குள்ள ஊரே கட்டி வாழும். தமிழ்ல ரெண்டும் முயல்தான், ஆனா இங்க சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. 2004 வேட்டைச் சட்டத்துல, நிலத்துக்காரர் அனுமதி இருந்தா நாயை விட்டு ராபிட் பிடிக்கலாம். ஹேர் பின்னாடி நாயை விட்டீங்க, போலீஸ் கேஸ். அதனால கண்ல பட்டதை எல்லாம் துரத்துற நாய் எனக்கு வேண்டவே வேண்டாம். கூப்பிட்டா அந்த நொடியே நிக்கணும்.

இந்த வேலையில ஓட்டமே கொஞ்சம்தான். ராபிட்டுக்கு வளை பக்கத்துலயே இருக்கும், முப்பது நாப்பது கஜத்துல முடிஞ்சு போற ஓட்டம். நாய்க்கு முக்கிய வேலை வேற, மூணு வேலை. வளைக்குள்ள முயல் இருக்கா இல்லையான்னு மூக்கால சொல்லணும். நான் வலை விரிக்கிறப்போ குரைக்காம, மிதிக்காம நிக்கணும். மேல சத்தம் கேட்டா முயல் வெளிய வராது, உள்ளயே முடங்கிக்கும். அப்புறம் ஃபெரெட்டைத் தொடக் கூடாது. இந்த மூணாவது இல்லேன்னா முதல் ரெண்டும் எதுக்கு?

நவம்பர் வீடியோ ஞாபகம் இருக்கா? உறைபனியில மூணு மணி நேரம், முப்பது வலை விரிச்சு, என் ஃபெரெட் ராணியை உள்ள விட்டு, ஒண்ணுமே வராம திரும்புனோமே. அத்தனையும் காலி வளை. வாசல்ல புது மண்ணு இருந்துச்சு, புழுக்கை இருந்துச்சு, நான் ஏமாந்துட்டேன். மூக்கு இருக்கிற ஒரு நாய் இருந்திருந்தா அரை நிமிஷத்துல "இங்க இல்ல, வா"ன்னு கூட்டிட்டுப் போயிருக்கும். அன்னைக்கு முடிவு பண்ணேன், நான் எடுக்கிற நாய்க்கு வேகம் ரெண்டாம் பட்சம்.

இப்போ நான் எடுத்திருக்கிறது விப்பெட்டும் பெட்லிங்டன் டெரியரும் சேர்ந்த கலப்பு. இந்த மாதிரிக் கலப்பை இங்க லர்ச்சர்னு சொல்வாங்க. தனி இனம் கிடையாது, ஓட்டக்கார நாயோட வேலைக்கார நாயைச் சேர்க்கிறது. விப்பெட் நம்ம சிப்பிப்பாறையைச் சின்னதாக்குன மாதிரி இருக்கும், அதுல இருந்து வேகமும் நிதானமும் வரும். ஆனா தனி விப்பெட்டுக்குத் தோல் காகிதம் மாதிரி. முள்ளுக்கம்பி பட்டா கிழிஞ்சிரும், குளிர்ல நடுங்கிக்கிட்டே நிக்கும். பெட்லிங்டன் பாக்க ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும், நார்தம்பர்லாந்து சுரங்கக்காரங்க வளர்த்த நாய், மூக்கும் பிடிவாதமும் அதுல இருந்து வரும். முடியும் கொஞ்சம் சொரசொரன்னு அடர்த்தியா வரும்.

ஜாக் ரஸ்ஸல் ஏன் எடுக்கலன்னு கேப்பீங்க. நல்ல நாய்தான், புதருக்குள்ள அது மாதிரி வேலை செய்ய ஆள் கிடையாது. ஆனா வளையைப் பாத்தா உள்ள போகணும்னு தோண்ட ஆரம்பிச்சிரும், வாய் ஓயாது. பல்லு நீளமா, உடம்பு நீளமா ஒண்ணு வளைக்குள்ள இருந்து வந்தா, அதைக் கடிக்கத்தான் அதுக்கு ரத்தத்துலயே இருக்கு. பழக்கலாம், பழக்குனவங்க இருக்காங்க. முதல் நாயா எடுக்கிறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, என் வயித்தெரிச்சலையும் சொல்லிடறேன். போன மாசம் ஒரு விளம்பரம் பாத்தேன். "வேலை செய்யற பரம்பரை, அப்பா அம்மா ரெண்டும் ஃபெரெட்டோட பழகுனது"ன்னு. முன்பணம் 20 பவுண்ட் அனுப்பிட்டேன். ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனா, வீட்டு முகவரி மாறிப்போச்சு, ஹைவே ஓரத்துல வண்டி நிறுத்துற இடத்துக்கு வான்னு மெசேஜ் வருது. போனேன். வேனைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை நீட்டுறாரு. உள்ள குட்டி, கண்ணு ஓரத்துல பீளை, வயிறு ஊதிப்போய் இருக்கு. "தாய் எங்க?"ன்னு கேட்டேன். "வீட்டுல இருக்கு, குரைக்கும், அதான் கொண்டு வரல." நாயை அடையாளம் காண தோலுக்கு அடியில போடுற மைக்ரோசிப் நம்பர் கேட்டேன், பதில் இல்ல. இங்க 2016ல இருந்து எட்டு வாரத்துக்குள்ள சிப் போட்டே ஆகணும். 2020 ஏப்ரல்ல இருந்து லூசி சட்டம்னு ஒண்ணு இருக்கு, வெளிய வாங்கி விக்கிற வியாபாரி ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டியை விக்கவே கூடாது. குட்டியை அது பிறந்த இடத்துல, தாயோட சேர்த்துப் பாத்துத்தான் வாங்கணும். நான் எடுக்கல. அந்த 20 பவுண்ட் போனது போனதுதான். அந்தக் குட்டியை நினைச்சா இன்னும் மனசு கேக்கல. நான் அங்க இருந்தே புகார் குடுத்துட்டேன். நீங்களும் எங்க இருந்தாலும், தாயைக் காட்டாத ஆள்கிட்ட ஒத்தப் பைசா குடுக்காதீங்க.

அதுக்கு அப்புறம்தான் நம்ம தாத்தா, அதான் நம்ம வீடியோல வர்ற தெட்ஃபோர்ட் பெரியவர், லிங்கன்ஷயர்ல தனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட அனுப்பி வச்சாரு. அந்த மனுஷன் குட்டியைக் காட்டவே இல்ல. "முதல்ல தாய் வேலையைப் பாரு, பிடிச்சா குட்டியைப் பாக்கலாம்"ன்னாரு. அங்கேயே எனக்குப் பாதி மனசு விழுந்துருச்சு.

கோதுமை வயல் ஓரம், மண்கரை. கரை முழுக்க வளை. தாய் நாய் கயிறு இல்லாம முன்னாடி போறா. முதல் வளை வாசல்ல மூக்கை வச்சா, ஒரு மூச்சு இழுத்தா, நகர்ந்துட்டா. ரெண்டாவதும் அப்படியே. மூணாவதுல நின்னா. முன்னங்கால் ஒண்ணு தரையில படாம மடங்கி நிக்குது. காது ரெண்டும் முன்னால. மூக்கு மட்டும் துடிக்குது, மத்த உடம்பு கல்லு. அந்த ஆள் ஒரு வார்த்தை பேசல, கையைக் காட்டுனாரு, நாங்க ரெண்டு பேரும் பதினொரு வலை விரிச்சோம். ஃபெரெட்டை விட்டாரு. கொஞ்ச நேரத்துல என் பூட்ஸுக்கு அடியில தொம் தொம்னு ஒரு அதிர்வு. உள்ள முயல் பின்னங்காலால தரையைத் தட்டி மத்ததுக்கு எச்சரிக்கை குடுக்குது. அப்புறம் சடார்னு ஒண்ணு, வலை சுருங்கிருச்சு. இன்னொண்ணு. மூணாவது அடிச்ச வேகத்துல, வலையை மண்ணுல ஊணியிருந்த முளையைப் பிடுங்கிட்டு வலையோட உருளுது. நான் திரும்புறதுக்குள்ள அந்தத் தாய் அதை வாயில கவ்வி, உசுரோட, ஒரு பல்லுக்காயம் இல்லாம கையில கொண்டு வந்து குடுத்தா.

கடைசியா ஃபெரெட் மண்ணு மூக்கோட வெளிய வந்துச்சு, நேரா நாய் மூஞ்சிக்கு நேரா. நாய் என்ன பண்ணா தெரியுமா? மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. அவ்வளவுதான். அந்த மூஞ்சி திருப்புனதுக்குத்தான் மக்களே நான் காசு குடுத்தேன்.

அட, முக்கியமானதை விட்டுட்டேன். அவ வேண்டாம்னு நகர்ந்த முதல் வளை இருக்குல்ல? எனக்குச் சந்தேகம். "அதுலயும் விட்டுப் பாக்கலாமா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே விட்டாரு. பத்து நிமிஷம். ஒண்ணும் இல்ல. காலி.

இப்போ விலை. 300 பவுண்ட் கேட்டாரு. நான் பேரம் பேசல, ஆனா என் பையில இருந்த வலைகளை எடுத்துப் பாத்தாரு. அதான், குளிர்காலம் முழுக்க நான் கையால பின்னுனேன்ல, நாலு அடி வலை, ரெண்டு முனையிலயும் வளையம், சுத்தி இழுகயிறு, ஹேசல் மரத்துல சீவுன முளை. பிளாஸ்டிக் முளையை நான் கையாலயும் தொட மாட்டேன், உறைஞ்ச மண்ணுல அடிச்சா உடைஞ்சிரும். அவர் ஒரு முடிச்சை நகத்தால தள்ளிப் பாத்தாரு. நகரல. அடுத்தது. நகரல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மூணாவதையும் தள்ளிப் பாத்தாரு! "யாரு பின்னுனது?" "நான்தான்." "எட்டு குடு, 260 போதும்." நாப்பது பவுண்ட் மக்களே! முதல் வலை பின்னப்போ கண்ணி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, நாலு தடவை அவுத்துப் பின்னுனேன், நீங்க பாத்தீங்க. நாப்பது வருஷமா இதே வேலையா இருக்கிற மனுஷன் என் வலையை விலைக்கு எடுத்துக்கிட்டாரு. கார்ல வர்ற வழியெல்லாம் பாட்டுதான்.

இந்த சீசன் இவளுக்கு வேலை கிடையாது. மார்ச் வந்தா வளைக்குள்ள குட்டி இருக்கும், நாங்க வலையைச் சுருட்டிருவோம். எலும்பு முத்தாம நாயை ஓட விடக் கூடாது, ஒரு வயசாவது ஆகணும். டிசம்பர்ல பிறந்தவ, வர்ற டிசம்பருக்குக் கணக்கு சரியா வருது. அதுவரைக்கும் மூணே பாடம். முதல் ரெண்டு: கூப்பிட்டா வரணும், ஆட்டைப் பாக்கக் கூடாது. ஆட்டைத் துரத்துற நாயைச் சுட்டாலும் இங்க பல நேரம் பண்ணைக்காரங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

மூணாவது பாடம் இன்னைக்கே ஆரம்பம். காலையில ராணி கூண்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். ராணி கம்பி வழியா மூக்கை நீட்டுனா. இவளும் நீட்டுனா. ராணி பட்டுன்னு மூக்குல ஒரு கடி. இவ கத்திக்கிட்டே என் காலுக்கு அடியில வந்து ஒளிஞ்சிட்டா. மத்தியானம் மறுபடி கூட்டிட்டுப் போனேன், ராணி வந்து நின்னா, இவ… மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா! அம்மா மாதிரியே! வீடியோ எடுத்து வச்சிருக்கேன், இருங்க, போடுறேன்… ஐயோ, எழுந்துட்டா. வா வா வா. ஏய், மைக் வயரைக் கடிக்காத. மக்களே, இவளை வெளிய விட்டுட்டு வந்துடறேன்.