மேடையை விட்டு இறங்கிய மூன்று ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு நான் பேசப்போவது ஓர் அமெரிக்க நாடக நடிகையைப் பற்றி. மூன்று வயதில் மேடை ஏறினார். பதினாறு வயதில் நியூயார்க்கில் கதாநாயகியாக நின்றார். இருபத்து நான்கு வயதில், போதும் என்று இறங்கிவிட்டார். அதோடு கதை முடிந்திருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. பிள்ளைப் பிராயத்தில் பேர் வாங்கி, பிறகு காணாமல் போன எத்தனையோ பேரில் அவரும் ஒருவர் ஆகியிருப்பார். ஆனால் மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். வந்தபோது பெயரும் மாறியிருந்தது, நடிப்பும் மாறியிருந்தது. மின்னி மேடர்ன் என்று போனவர், திருமதி ஃபிஸ்க் என்று வந்தார்.

நடிப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அந்த மூன்று ஆண்டுகள்தான் அவரை நடிகையாக்கின என்பது என் கட்சி. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

1865 டிசம்பர் 19 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் வைத்த பெயர் மேரி அகஸ்டா டேவி. அப்பா தாமஸ் டேவி நாடகக் கம்பெனி நடத்தியவர். அம்மா லிஸ்ஸி மேடர்ன் நடிகை, இசைக் குடும்பத்துப் பெண். அம்மா வீட்டுப் பெயரே குழந்தைக்கு மேடைப் பெயராக அமைந்தது. தொட்டில் கட்டியது ஓர் ஊர், பல் முளைத்தது வேறோர் ஊர் என்று வளர்ந்த குழந்தை. ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் ஊரில், ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தில், யார்க் கோமகனாக வரும் சின்னப் பையன் வேஷம் போட்டு மேடையில் நிறுத்தினார்கள். அப்போது வயது மூன்று.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு என்று நமக்குத் தோன்றும். அன்றைய ஏற்பாடு அப்படி. ஊருக்கு ஊர் ஒரு நிலையான நாடகக் குழு இருக்கும். பெயர் பெற்ற நடிகர் ஒருவர் ரயிலில் தனியாக வந்து இறங்குவார். ஹாம்லெட்டோ ரிச்சர்டோ அவர் போடுவார். மற்ற வேஷங்களை எல்லாம் உள்ளூர்க் குழு தாங்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு நாடகம், செவ்வாய்க்கிழமை வேறொன்று. நம் மேடையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஆட்களைப் பிரித்து வைத்திருந்தது போல, அங்கேயும் கதாநாயகி, வில்லன், கிழவி, துடுக்குப் பெண் என்று ஆளுக்கொரு வரிசை உண்டு. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் சாகப்போகும் இளவரசர்களும் சிறுவர்களும் நிறைய வருகிறார்கள். பாடம் சட்டென்று ஏறுகிற ஒரு குழந்தை கையில் இருந்தால் கம்பெனிக்குப் பெரிய சொத்து.

பாடம் என்றேன். நடிகருக்கு முழு நாடகத்தையும் கொடுக்கும் வழக்கமே அப்போது இல்லை. அவரவர் பேச்சை மட்டும் கையால் எழுதிக் கொடுப்பார்கள். எதிரே நிற்பவர் பேசி முடிக்கும் கடைசி மூன்று நான்கு சொற்கள் மேலே இருக்கும், அதற்குக் கீழே இவர் பேச்சு. அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் இவர் பேச ஆரம்பிக்க வேண்டும். எதிராளி என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்பது மேடைக்குப் போன பிறகுதான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு அதையும் வாயால் சொல்லிக்கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்கிற காதும், பிடித்ததை விடாத நினைவும் அந்தப் பெண்ணுக்கு வந்தது இந்த வழியில்தான். கூடவே ஒரு கெடுதலும் வந்தது. எதிரே நிற்பவரைக் கவனிக்காமல், அடையாளச் சொல்லுக்காகக் காத்து நிற்கும் பழக்கம். அந்தக் காலத்து நடிகர்களில் பெரும்பாலோருக்கு இருந்த நோய் இது.

நான்கு வயதில் நியூயார்க்கைப் பார்த்தாகிவிட்டது. 1874-இல், எட்டு வயதில், அந்நகரின் பெரிய மாளிகைகளில் ஒன்றான பூத் தியேட்டரில் ஜான் மன்னன் நாடகத்தில் இளவரசன் ஆர்தர். அந்த நாடகத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. சிறையில் பையன் இருக்கிறான். அவன் கண்களைச் சுடச்சொல்லி அரசன் உத்தரவு. காவலன் ஹியூபர்ட் காய்ச்சிய இரும்போடு நிற்கிறான். உனக்குத் தலைவலி வந்தபோது என் கைக்குட்டையால் உன் நெற்றியைக் கட்டினேனே என்று பையன் கேட்கிறான். அடி உதை இல்லை, ஓட்டம் இல்லை. ஒரு குழந்தையின் பேச்சை மட்டும் நம்பி அந்தக் காட்சி நிற்கிறது. அப்படிப்பட்ட காட்சியை எட்டு வயதில் ஒருத்தி சுமந்தாள் என்பது சாதாரண விஷயம் அல்ல.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இன்னொரு வேடிக்கை. லயன்ஸ் சீமாட்டி என்று அக்காலத்தில் ஓயாமல் நடந்த நாடகம். அதில் கதாநாயகனின் தாயார், விதவைக் கிழவி மெல்னாட். அந்த வேஷத்தை இந்தச் சிறுமி போட்டாள். நரைத்த தலையை ஒட்டவைத்துக்கொண்டு, தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவரை மகனே என்று அழைத்தாள். இடையிடையே கன்னியர் மடத்துப் பள்ளியில் படிப்பு. மற்றபடி பள்ளிக்கூடம் என்றால் மேடையும் ரயில் பெட்டியும்தான்.

குழந்தைகளை இப்படி வேலை வாங்குவது தகுமா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்தது. நியூயார்க்கில் எல்பிரிட்ஜ் ஜெரி முன்னின்று நடத்திய குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம், குழந்தை நடிகர்கள் மேடையேறுவதைத் தடுக்கப் பாடுபட்டது. நாடகக்காரர்கள் அந்தச் சங்கத்தைத் திட்டித் தீர்த்தார்கள். என்னைக் கேட்டால் சங்கத்தின் பக்கம் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். நன்றாகத் தேறிவந்த ஒரு மின்னியை நமக்குத் தெரியும். தேறாமல் போன பிள்ளைகளின் பெயர் எந்த விளம்பரத் தாளிலும் இல்லை.

அவர் பெரியவளாகிக்கொண்டிருந்தபோதே நாடக உலகம் தலைகீழாக மாறியது. ரயில் பாதை நாடு முழுக்கப் போய்விட்டது. 1873-இல் வந்த பொருளாதார வீழ்ச்சியில் உள்ளூர்க் குழுக்கள் பல நொடித்துப்போயின. அதற்குப் பதிலாக ஒரே நாடகம், ஒரே குழு, ஓவியத் திரைகளோடும் சாமான்களோடும் ரயில் ஏறி ஊர் ஊராகப் போவது என்ற முறை வந்தது. முன்பு ஒரு நடிகைக்கு நாற்பது வேஷம் தெரிய வேண்டும். இப்போது ஒரே வேஷத்தை ஆண்டு முழுக்கப் போட வேண்டும். ஒரு ராத்திரி ஓர் ஊர், விடிந்தால் வண்டி.

இந்த முறைக்கு ஏற்ற சரக்கு இளம் நட்சத்திரம். 1882 மே மாதம் நியூயார்க் பார்க் தியேட்டரில் ஃபாக்ஸ் ஃபெரி என்ற நாடகத்தில் சிப் என்ற துடுக்குக்காரப் பெண்ணாக மின்னி மேடர்ன் வந்தார். சின்ன உருவம், செம்பட்டை முடி, துறுதுறுவென்ற நடை. நாடகத்தில் விஷயம் ஒன்றும் இல்லை. அவருக்காகக் கூட்டம் வந்தது. அதே காலத்தில் லெக்ராண்ட் ஒயிட் என்ற இசைக்கலைஞரை மணந்தார். அந்த மணம் நிலைக்கவில்லை. 1884-இல் கப்ரீஸ் என்ற நாடகம். அதில் அவர் பாடிய ஒரு பாட்டு நாடு முழுக்க வீட்டுப் பியானோக்களில் ஏறியது. அதன் பிறகும் நாடகங்கள் வந்தன. எல்லாமே ஓர் அச்சில் வார்த்தவை: கொஞ்சம் குறும்பு, கொஞ்சம் கண்ணீர், கடைசியில் கல்யாணம்.

1890 மார்ச்சில் ஹாரிசன் கிரே ஃபிஸ்க் என்பவரை மணந்தார். நியூயார்க் டிராமாடிக் மிரர் என்ற நாடகப் பத்திரிகையின் ஆசிரியர் அவர். பதினெட்டு வயதிலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். கல்யாணத்தோடு மின்னி மேடையை விட்டார். கணவர் தடுத்ததாக நினைக்க வேண்டாம். பிற்பாடு மனைவிக்காகத் தன் கைப்பணத்தையும் பத்திரிகையையும் பணயம் வைத்த மனிதர் அவர்.

அந்த மூன்று ஆண்டுகளில் என்ன செய்தார்? படித்தார். ஓரங்க நாடகங்கள் எழுதினார். மூன்று வயதிலிருந்து மற்றவர் எழுதிய பேச்சைத் துண்டு துண்டாகப் பாடம் செய்து வந்தவர், முதன்முறையாக ஒரு நாடகத்தை முழுசாக, எல்லாப் பாத்திரத்தின் பக்கமும் நின்று யோசித்தார். எழுத உட்கார்ந்தவருக்கு, ஒரு பாத்திரம் பேசும்போது மற்றது என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கேள்வி வராமல் இருக்காது. நடிகருக்கு மிக முக்கியமான கேள்வி அதுதான். அவரைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கேள்வி என்று நான் நம்புகிறேன். நார்வேக்காரர் இப்சனின் நாடகங்களும் அவரைப் பிடித்துக்கொண்டன.

1893-இல் கணவர் எழுதிய ஹெஸ்டர் குரூ என்ற நாடகத்தோடு திரும்பி வந்தார். அது தோல்வி. அடுத்த ஆண்டு எம்பயர் தியேட்டரில் ஒரு தர்ம காரியத்துக்காக நடந்த பகல் காட்சியில் இப்சனின் பொம்மை வீடு நாடகத்தில் நோராவாக நடித்தார். அந்த ஒரே பிற்பகலில் அவர் யார் என்று நியூயார்க் விமர்சகர்களுக்குப் புரிந்தது. இந்த நாடகம் அமெரிக்காவில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பதினோரு ஆண்டு முன்னால், 1883-இல், கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் போலந்து நடிகை ஹெலெனா மோட்ஜெஸ்கா இதைத் தோரா என்ற பெயரில் நடித்தபோது, முடிவையே மாற்றியிருந்தார்கள். இப்சன் எழுதியபடி நோரா கணவனை விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகவில்லை. கணவனும் மனைவியும் சமாதானம் ஆகிவிட்டார்கள்.

1897 மார்ச் 2 அன்று ஃபிஃப்த் அவென்யூ தியேட்டரில் டெஸ். தாமஸ் ஹார்டியின் நாவலை லோரிமர் ஸ்டாடார்ட் நாடகமாக்கியிருந்தார். பணக்காரன் ஒருவனால் கெடுக்கப்பட்டு, கட்டியவனாலும் கைவிடப்பட்டு, கடைசியில் கொலைகாரியாகும் ஏழைப் பெண். பழைய மேடை வழக்கப்படி இந்தப் பாத்திரம் அலறிக் கதறி மயங்கி விழ எல்லா வசதியும் உண்டு. அவர் அதை ஒதுக்கினார். குரல் தாழ்ந்தது. பேச்சு வேகமாக, வீட்டில் பேசுவது மாதிரி வந்தது. தேவைப்பட்டால் சபைக்கு முதுகைக் காட்டி நின்றார். மற்றவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருந்தார். சொற்கள் காதில் விழவில்லை என்று குறை சொன்னவர்கள் கடைசிவரை இருந்தார்கள். அந்தக் குறையில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனாலும் பிற்பாடு, 1908-இல், சால்வேஷன் நெல் நாடகத்தில் மதுக்கடைத் தரையில் உட்கார்ந்து, குடித்து விழுந்த காதலனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நிமிடக்கணக்கில் அரங்கைக் கட்டிவைத்தார். அந்த மௌனம் டெஸ் நாடகத்திலேயே தொடங்கிவிட்டது.

வெற்றி வந்த அந்த நேரத்தில்தான் வம்பும் வந்தது. 1896-இல் ஆறு முதலாளிகள் ஒரு கூட்டு வைத்திருந்தார்கள். சார்லஸ் ஃப்ரோமன், அல் ஹேமன், கிளா, எர்லாங்கர், நிக்சன், சிம்மர்மன். அதற்கு முன் நிலைமை குழப்பம்தான். ஒவ்வொரு கோடையிலும் சிற்றூர்த் தியேட்டர்காரர்கள் நியூயார்க் யூனியன் சதுக்கத்துக்கு வந்து ஒவ்வொரு கம்பெனியாகப் பிடித்துத் தேதி வாங்குவார்கள். ஒரே தேதிக்கு இரண்டு பேரிடம் வாக்குக் கொடுப்பதும், கடைசி நேரத்தில் கைவிடுவதும் சகஜம். ஆறு பேரும் இதை ஒழுங்குபடுத்தினார்கள். ஒழுங்கு வந்தது, கூடவே கழுத்தில் கயிறும் வந்தது. எங்களோடு சேர்ந்தால் நல்ல தியேட்டர், நல்ல தேதி, அடுத்தடுத்த ஊர். சேராவிட்டால் வழியில் எந்த ஊரிலும் கதவு திறக்காது.

ஜோசப் ஜெஃபர்சன், ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்ட் போன்ற பெரிய நடிகர்கள் முதலில் எதிர்த்துப் பேசிவிட்டு, பிறகு இணங்கிப்போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு குழுவுக்கே சோறு போட வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில் இருந்தது. திருமதி ஃபிஸ்க் இணங்கவில்லை. கணவர் தம் பத்திரிகையில் அந்தக் கூட்டைக் கிழித்து எழுதினார். அவதூறு வழக்கைச் சந்தித்தார். மனைவி ஊர் ஊராகப் போய் இரண்டாந்தரக் கொட்டகையிலும், பொது மண்டபத்திலும், சறுக்கு விளையாட்டுக் கூடத்திலும் நடித்தார். இந்த இடத்தில் அவருடைய பிள்ளைப் பருவம் கைகொடுத்தது என்று தோன்றுகிறது. எந்த ஊர், எந்த மேடை, எந்த வெளிச்சம் என்று பார்க்காமல் நடித்துப் பழகிய உடம்பு அது.

1899-இல் பெக்கி ஷார்ப். தாக்கரேயின் நாவலிலிருந்து லாங்டன் மிட்செல் எழுதிய நாடகம். டெஸ் அழவைத்தது, பெக்கி, புத்தியாலும் நாக்காலும் மேலே ஏறுகிற பெண்ணாகச் சிரிக்கவைத்தாள். இரண்டையும் ஒரே ஆள் செய்கிறாரா என்று ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள்.

1901-இல் ஃபிஸ்க் தம்பதி நியூயார்க்கில் மன்ஹாட்டன் தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்தார்கள். இனி யாரிடமும் தேதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. சின்னப் பார்ட்டுக்கும் நல்ல நடிகரைத் தேடிப் போட்டார்கள். முழுக் குழுவையும் சேர்த்து வைத்து ஒத்திகை பார்த்தார்கள். 1903-இல் அங்கே இப்சனின் ஹெட்டா காப்ளர் நடந்தது. 1904-இல் லியா க்ளெஷ்னா நாடகத்தில் அவரோடு நடித்த ஆங்கிலேயர் ஜார்ஜ் ஆர்லிஸ், பின்னாளில் சினிமாவுக்குப் போய் டிஸ்ரேலி வேஷத்துக்கு ஆஸ்கர் பரிசு வாங்கினார். தானே மேடையை அடைத்துக்கொண்டு நிற்கிற நட்சத்திரத்தின் கம்பெனியில் இன்னொரு நடிகர் அப்படி வளர இடம் கிடைத்திருக்காது.

கேட்டுக்கொண்டிருந்த நேயர்களுக்கு நன்றி. வணக்கம்.