முக்கால் கட்டை ஏறிய குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அத்தை பாடிய பாட்டுகள் ஒரு பழைய கேசட்டில் இருந்தன. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேரம். அவர் மறைந்த பிறகு அதைக் கணினியில் ஏற்றி வைத்தேன். மறுநாள் வேறொரு மென்பொருளில் திறந்து கேட்டேன். தாளம் பிசகவில்லை, தம்புராவோடு சுருதியும் சேர்ந்தே இருந்தது. ஆனால் அது அத்தையின் குரல் இல்லை. ஐந்து கட்டையில் பாடுகிறவர், ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கேயோ நின்று பாடினார். ஒரு மணி நேரப் பதிவு 55 நிமிடத்தில் முடிந்துவிட்டது.

காரணம் ஒரே ஓர் எண். நான் பதிவு செய்தது நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில். சேமித்ததோ, அந்த விவரம் எழுதப்படாத வெறும் ஒலித் தரவாக. திறந்த மென்பொருள் அதை 48,000 என்று எடுத்துக்கொண்டு, அந்த வேகத்தில் ஓட்டிவிட்டது.

இந்த எண்ணைத்தான் சாம்பிள் ரேட் என்கிறோம். புள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளி நெருக்கமாக இருந்தால் எவ்வளவு நெளிவான கோட்டையும் இழுக்கலாம். தள்ளித் தள்ளி இருந்தால் சின்ன வளைவுகள் தப்பிவிடும். ஒலியிலும் அப்படித்தான், ஒவ்வொரு மாதிரியும் ஒரு புள்ளி. ஓர் அதிர்வைப் பிடிக்க, அதன் அதிர்வெண்ணைப் போல், அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அதைப் போல், இரண்டு மடங்குக்கு மேல் புள்ளி வேண்டும். மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். ஆகவே 40,000-க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும்.

சரி, அதற்கு ஏன் 44,100 என்று ஓர் ஒழுங்கில்லாத எண்? இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1970களின் கடைசியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்கு இடமுள்ள சாதனம் வீடியோ டேப்தான். அதனால் ஒலியைப் படம் போல மாற்றி, ஒரு வரிக்கு மூன்று மாதிரி வீதம் அதில் எழுதினார்கள். ஜப்பான், அமெரிக்கா டிவி முறையில் நொடிக்கு 60 புலம், அதாவது பாதிப் படம். புலத்துக்குப் பயன்படும் வரி 245. மூன்றையும் பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலம், 294 வரி. அதுவும் 44,100. இரண்டு முறையும் ஒரே எண்ணில் வந்து நின்றது. 1982-இல் சிடி வந்தபோது அதே எண் அதில் நிலைத்தது.

படம் சார்ந்த வேலைகள் 48,000-ஐப் பிடித்துக்கொண்டன. நொடிக்கு 24 சட்டம், அதாவது 24 ஃபிரேம், ஓடும் படத்தில் ஒரு சட்டத்துக்குச் சரியாக 2,000 மாதிரி. 44,100 என்றால் 1,837½ வரும், அரை மாதிரியை எங்கே வைப்பது? இப்படித்தான் பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இன்றுவரை ஓடுகின்றன.

இரண்டும் சந்திக்கும் இடம் உங்கள் கணினி. ஒலி அட்டை ஒரு நேரத்தில் ஒரு வேகத்தில்தான் ஓடும். பாட்டு 44,100-இல் ஓடும்போது வீடியோ 48,000-இல் வந்தால், நடுவில் இருக்கும் ஒலி அமைப்பு ஒன்றை மாற்றித்தான் கலக்க வேண்டும். 147 புள்ளி இருந்த நீளத்தில் 160 புள்ளி வைக்கும் வேலை அது. புதுப் புள்ளிகளில் பெரும்பாலானவை பழைய புள்ளிகளுக்கு இடையில் விழும், ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுத்தான் வைக்கவேண்டும். இன்றைய கணினிகள் இதை நன்றாகவே செய்கின்றன. ஒருமுறை மாற்றினால் உங்கள் காதுக்குத் தெரியாது, பயப்படாதீர்கள். ஆனால் காப்பகத்துக்காகப் பதிவு செய்கிறவர்கள் தங்களைக் கேட்காமல் ஒரு மாற்றம்கூட நடக்கவிடக் கூடாது என்பது என் கட்சி.

லினக்ஸ் இயங்குதளத்தில் இப்போது பரவலாக இருக்கும் ஒலி அமைப்பு பைப்வயர். 2021-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை அதை இயல்பான ஒலி அமைப்பாக ஏற்றது. அமைப்புக் கோப்பில் நாம் தொடாதவரை எல்லாமே 48,000-க்கு மாற்றப்படும். அதில் 'டிஃபால்ட் டாட் கிளாக் டாட் அலவ்டு ரேட்ஸ்' என்று ஒரு வரி உண்டு. அங்கே 44,100-ஐயும் சேர்த்துவிட்டால், அட்டை சும்மா இருக்கும்போது வரும் பாட்டின் வேகத்துக்கு அதுவே மாறிக்கொள்ளும். ஏற்கெனவே வேறு ஒலி ஓடிக்கொண்டிருந்தால் மாறாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் "அமைப்பை மாற்றினேன், வேலை செய்யவில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பாட்டு ஓடும்போது 'பிடபிள்யூ-டாப்' என்ற கட்டளையைப் போட்டால், அந்த நேரத்தில் உண்மையில் எந்த வேகம் என்று கண்ணால் பார்க்கலாம். வேகத்தை மாற்றும் இடம் விண்டோஸில் ஒலிக் கருவியின் பண்புகளில் 'அட்வான்ஸ்டு' பக்கம், மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்'.

அப்புறம், 192,000 என்று ஓர் எண் பட்டியலில் தெரியும். கேட்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பதிவில் இல்லாத ஒலியை அது கொண்டுவராது, கணினிக்கு வேலைதான் கூடும்.

இன்னொன்று, புளூடூத் ஹெட்செட். பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்து மைக் திறந்ததும் ஒலி மங்கிவிடுகிறதே, அதுவும் இதே விஷயம்தான். பல ஹெட்செட்களில் அந்த நொடி முதல் வேகம் 16,000 அல்லது 8,000-க்கு இறங்கிவிடுகிறது.

பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவைத் தொடங்கும் முன் மென்பொருளிலும் ஒலி அட்டையிலும் ஒரே எண்ணை வையுங்கள். சேமிக்கும்போது வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் சேமியுங்கள், அவற்றில் அந்த எண் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கேசட்டின் பெயரோடு அதை ஒரு தாளிலும் குறித்து வையுங்கள்.

அத்தையின் கேசட்டை நான் மறுபடி ஓட்டவேண்டி வரவில்லை. புள்ளிகள் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன. அதே கோப்பை 44,100 என்று சொல்லித் திறந்தேன். அத்தை ஐந்து கட்டையில் பாடினார், முழுதாக ஒரு மணி நேரம்.

நன்றி, வணக்கம்.